ஜாங்கிரிக்கு நிறம் வேண்டும், பூச்சியும் கூடாது, கலர் பவுடரும் கூடாது: என்னதான் வழி?

கமலா_கிளமெண்டி

தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நிஜமாகவே மாட்டிக்கொண்டேன். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறேன். முறுக்கு, அதிரசம் எல்லாம் பிரச்சினை இல்லை. ஜாங்கிரியும் தேங்காய் பர்பியும்தான் தலைவலி. "கேசரி பவுடர் போடாதீங்க, பிள்ளைகள் சாப்பிடுறாங்க" என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். சரி என்று நிறமே இல்லாமல் செய்து கொடுத்தால், "என்னக்கா, வெளிறிப் போய்க் கிடக்கு" என்று அதே ஆட்கள் கேட்கிறார்கள்.

பேரங்காடியில் 'இயற்கைச் சிவப்பு' என்று ஒரு பாட்டில் வாங்கினேன். பின்னால் திருப்பினால் ஈ120 என்ற வண்ண எண். அது செதில் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் கார்மைன். கோயிலுக்குப் பிரசாதம் கேட்கிறவர்களுக்கு அதை எப்படிக் கொடுப்பது?

அடுத்த வீட்டு ஃபூச்சோ (ஒரு சீன வட்டாரச் சமூகம்) ஆன்ட்டி ஒரு பொட்டலம் தந்தார். கருஞ்சிவப்பு அரிசி. அரிசியில் பூஞ்சணம் வளர்த்துச் செய்வதாம், அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோழிக்குப் போடுகிறார்களாம். இதை ஜாங்கிரி மாவில் போடலாமா? பூஞ்சணம், பாக்டீரியா இவற்றிலிருந்து வேறு நிறங்களும் வருகின்றன என்று படித்தேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பாலு_தெலுக்பிளாங்கா

எங்கள் வீட்டில் பூஞ்சணம் பிடித்த அரிசியைக் குப்பைக் குழாயில் போடுவதுதான் வழக்கம். நீங்கள் காசு வாங்கிக்கொண்டு விற்கப் போகிறீர்களா? நல்ல வியாபாரம் அக்கா.

பழைய_ஆய்வகத்தான்

பாலு கிண்டலடித்தாலும் அந்தப் பயம் தப்பில்லை. ஆனால் எந்தப் பூஞ்சணம் என்று கேட்க வேண்டும். பணி ஓய்வு வரை நுண்ணுயிர் ஆய்வகத்தில்தான் இருந்தேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த அரிசியை ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் 'ஆங் காக்' என்பார்கள். அதில் வளர்வது மொனாஸ்கஸ் பர்ப்யூரியஸ் என்ற பூஞ்சணம். ஊறவைத்து, அவித்து, ஆறிய அரிசியில் பூஞ்சண வித்துகளைத் தூவி, ஈரமும் கதகதப்பும் குறையாமல் வைத்தால் பூஞ்சண இழைகள் அரிசிக்குள்ளேயே இறங்கும். முதலில் வெள்ளை, பிறகு ஆரஞ்சு, கடைசியில் அடர்சிவப்பு. சீனாவில் பல நூற்றாண்டுகளாக இது உண்டு. இங்கே உணவங்காடி நிலையத்தில் நாம் சாப்பிடும் பல பண்டங்களில் இருக்கிறது: ஃபூச்சோக்காரர்களின் சிவப்புக் கோழி மீ சுவா (மெல்லிய நூடுல்ஸ்), சிவப்புப் புளித்த தவ்வு, சில கடைகளின் சார் சியூ (வாட்டிய பன்றி இறைச்சி).

அந்தச் சிவப்பு ஒரே பொருள் அன்று. மொனாஸ்கஸ் மூன்று வகை நிறமிகளைத் தருகிறது. மொனாசின், அங்காஃப்ளேவின் மஞ்சள். ரூப்ரோபங்டாடின், மொனாஸ்கோரூப்ரின் ஆரஞ்சு. இந்த ஆரஞ்சு நிறமிகள் அமினோ அமிலங்களோடு சேரும்போது சிவப்பாக மாறிவிடும். உங்கள் உளுந்து மாவில் புரதம் நிறைய. அதனால் ஜாங்கிரியில் சிவப்புப் பக்கமே சாயும் என்று நினைக்கிறேன். சூட்டை ஓரளவு தாங்கும், வெயிலைத்தான் தாங்காது. கண்ணாடி ஜாடியில் சன்னலோரம் வைத்தால் வெளுத்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். மொனாஸ்கஸின் சில இரகங்கள் நிறமியோடு சிட்ரினின் என்ற நஞ்சையும் சேர்த்துச் செய்யும். சிறுநீரகத்தைப் பாதிப்பது அது. 1931இல் பெனிசிலியத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். மொனாஸ்கஸிலும் அதே பொருள்தான் வருகிறது என்று 1995இல்தான் உறுதியானது. சிட்ரினின் செய்யாத, அல்லது மிகக் குறைவாகச் செய்யும் இரகத்தைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதும், ஒவ்வொரு தொகுதியையும் சோதிப்பதும் தொழிற்சாலைகளின் வேலை. கண்ணால் பார்த்து, முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது. நன்றாகச் சிவந்திருந்தால் நல்ல சரக்கு என்பார்கள் கடைக்காரர்கள். நிறத்துக்கும் நஞ்சுக்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது.

நாட்டுக்கு நாடு சட்டமும் வேறு. சீனாவிலும் ஜப்பானிலும் உணவு வண்ணமாக அனுமதி உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் இல்லை. இங்கே வீட்டிலிருந்து விற்க உரிமம் வேண்டியதில்லை என்றாலும், உணவுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அதனால் எந்த வண்ணத்தையும் மாவில் போடும் முன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள், புரியாவிட்டால் அவர்களிடமே எழுதிக் கேளுங்கள். பொட்டலத்தில் பெயரும் ஊரும் இல்லாத சரக்கு வேண்டவே வேண்டாம்.

நூர்_உட்லண்ட்ஸ்

கமலாக்கா, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நானும் பலகாரம் செய்கிறவள்தான். ஃபூச்சோ வீடுகளில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று காய்ந்த அரிசி. இன்னொன்று அதே அரிசியைப் போட்டு மது காய்ச்சி, வடித்த பிறகு அடியில் தங்கும் சிவப்பு விழுது, 'ஆங் சாவ்'. விழுதில் மது இருக்கும். எங்கள் ஆட்கள் உங்களிடம் வாங்குவதாக இருந்தால் அது ஆகாது. பொட்டலத்தில் எது இருக்கிறது என்று ஆன்ட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கமலா_கிளமெண்டி

காய்ந்த அரிசிதான் நூர். நல்ல வேளை சொன்னாய், விழுது ஒரு போத்தல் தருகிறேன் என்றும் ஆன்ட்டி சொல்லியிருந்தார்.

சைவம் பற்றி யாராவது சொல்லுங்களேன். பூஞ்சணம் சைவமா?

பழைய_ஆய்வகத்தான்

விலங்கு இல்லை, பூச்சி இல்லை. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவைச் சாப்பிடுகிறோம். காளானே தொடாத குடும்பங்களும் உண்டு, அவர்களிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கார்மைனைப் பற்றி ஒரு கொசுறு: 2018இல் அந்தப் பூச்சியின் கார்மினிக் அமிலத்தை அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சணத்துக்குள் செய்துகாட்டினார்கள். பூச்சி இல்லாத கார்மைன்! கடையில் வாங்கும் ஈ120 இன்னும் பூச்சிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்_முருகேசன்

குறுக்கே வருகிறேன். அப்பா கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறார். சிவப்பு அரிசிக் குளிகை சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அதே அரிசியா இது?

பழைய_ஆய்வகத்தான்

அதே பூஞ்சணக் குடும்பம். தம்பி, அப்பாவிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.

1979இல் ஜப்பானின் அகிரா எண்டோ மொனாஸ்கஸிலிருந்து மொனாகோலின் கே என்ற பொருளைப் பிரித்தார். கொழுப்பைக் குறைக்க லோவாஸ்டாடின் என்று மருந்துக் கடையில் விற்பதும் அதுவும் ஒரே மூலக்கூறு. ஆகவே மாத்திரையோடு குளிகையும் போட்டால் ஒரே வகை மருந்தை இரட்டிப்பாக விழுங்கியதாக ஆகும். தசைக்கும் கல்லீரலுக்கும் ஆபத்து. இயற்கை என்று பெயர் போட்டிருப்பதால் அளவு தெரியாமல் போடுவார்கள், மாத்திரையிலாவது எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒரு நாளைக்கான மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வரம்பு போட்டது.

2024 மார்ச்சில் ஜப்பானில் நடந்தது நினைவிருக்கும். கோபயாஷி நிறுவனத்தின் சிவப்பு அரிசிக் குளிகைகள் திரும்பப் பெறப்பட்டன, பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. அங்கே காரணம் மொனாஸ்கஸும் இல்லை, சிட்ரினினும் இல்லை. வளர்ப்புக்குள் வேறொரு நீலப் பூஞ்சணம், ஒரு பெனிசிலியம், நுழைந்து பியூபெரூலிக் அமிலம் என்ற பொருளைச் செய்துவிட்டது. வாரக்கணக்கில் வளர்க்கும் எந்தச் சரக்குக்கும் இந்த அபாயம் உண்டு. வீட்டில் வளர்த்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

கோழியில் போடும் ஒரு கரண்டி அரிசி வேறு, தினமும் விழுங்கும் குளிகை வேறு. அப்பாவுக்குப் பலதுறை மருந்தகத்தில் மருந்தாளரிடம் கேட்டால் போதும், பதில் சொல்லிவிடுவார்.

நெறியாளர்

மருத்துவக் கேள்விகளை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். நிறத்துக்கு வாருங்கள்.

கமலா_கிளமெண்டி

வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் செய்து பார்த்தேன், விற்பனைக்கு இல்லை. எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

அரிசி பார்க்க உலர்ந்த நாவல்பழத் தோல் மாதிரி இருந்தது. விரலால் நசுக்கினால் சுலபமாகப் பொடிகிறது, உள்ளே நடுவரை சிவப்பு. வெந்நீரில் ஊறவைத்தேன், தண்ணீர் மெல்லத்தான் சிவந்தது, அரிசி அடியில் அடர்த்தியாகவே கிடந்தது. உளுந்தோடு சேர்த்து அரைத்தபோதுதான் நிறம் இறங்கியது. மாவு இளஞ்சிவப்பு, எண்ணெயில் போட்டதும் செங்கல் நிறம். ஜீராவில் ஊறிய பிறகு இன்னும் கொஞ்சம் அடர்ந்தது. மூக்கை வைத்து முகர்ந்தால் லேசான புளிப்பு வாசம், ஏலக்காயும் ரோஸ் எசென்ஸும் போட்டால் தெரியவில்லை. பாகு சிவக்கவில்லை, அது ஒரு நல்ல விஷயம்.

ஆனால் ஜாங்கிரி என்றால் ஆரஞ்சு. செங்கல் நிற ஜாங்கிரியைப் பார்த்து வீட்டுக்காரர், "தீய்ந்துபோச்சா?" என்று கேட்டார். இதை வைத்து யாரிடம் விற்பது?

பழைய_ஆய்வகத்தான்

எதிர்பார்த்ததுதான், புரதம் சிவப்பாக்கிவிட்டது. உங்களுக்குத் தேவை பீட்டா கரோட்டின். கேரட்டில் இருப்பதே. அதைப் பூஞ்சணத்திலிருந்தும் தொழில் முறையில் எடுக்கிறார்கள். பூஞ்சணத்தின் பெயர் பிளாக்ஸ்லியா டிரிஸ்போரா.

இதன் வளர்ப்பு முறை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இந்தப் பூஞ்சணத்தில் ஆண், பெண் என்று சொல்ல முடியாது, 'கூட்டல்', 'கழித்தல்' என்று இரண்டு இணை வகைகள். தனித்தனியாக வளர்த்தால் நிறம் சுமார்தான். இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால், ஒன்றை ஒன்று உணர்ந்துகொண்டு டிரிஸ்போரிக் அமிலம் என்ற சமிக்ஞைப் பொருளைச் செய்கின்றன. அந்தச் சமிக்ஞை கரோட்டின் உற்பத்தியைப் பல மடங்கு கூட்டிவிடும். கலன் முழுக்க ஆரஞ்சாகிவிடும். பிறகு பூஞ்சணத்தை வடிகட்டி, காயவைத்து, நிறமியைப் பிரித்துப் படிகமாக்குகிறார்கள். உங்களுக்கு வருவது தூய கரோட்டின், பூஞ்சணம் அதில் இருக்காது. ஐரோப்பாவில் ஈ160அ வரிசையில் மூன்றாவது உட்பிரிவு இதற்குத்தான். தக்காளிச் சிவப்பான லைகோபீனையும் இதே பூஞ்சணத்திலிருந்து எடுக்கிறார்கள்.

மஞ்சளுக்கு ரைபோஃப்ளேவின், பி2 வைட்டமின். அதைச் செய்யும் ஆஷ்பியா காசிப்பி என்ற பூஞ்சணம் முதலில் பருத்திக் காயை நாசம் செய்யும் நோயாகத்தான் அறிமுகம். இப்போது பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவையும் பயன்படுத்துகிறார்கள். வெளிச்சம் பட்டால் ரைபோஃப்ளேவின் சீக்கிரம் கெடும். உங்களுக்கு மஞ்சள் தூளும் குங்குமப்பூவும் இருக்கும்போது இது எதற்கு? விடுங்கள்.

தேங்காய் பர்பிக்கு நீலம் வேண்டுமானால் ஸ்பிருலினா. பாசி என்று விற்றாலும் அது சயனோபாக்டீரியா, அதாவது பாக்டீரியா. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். அதிலிருக்கும் நீலம் ஃபைகோசயனின், புரதத்தோடு ஒட்டிய நிறமி. 2013இல் அமெரிக்காவில் மிட்டாய்க்கும் சூயிங்கம்முக்கும் அனுமதி கிடைத்தது. புரதம் என்பதால் சூடு ஆகாது, 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் நீலம் போய்ச் சாம்பலாகிவிடும். எலுமிச்சை பிழிந்தாலும் கெடும். பர்பியை இறக்கி, ஆறவைத்து, மேலே பூசும் பாகில் கலந்தால் நிற்கும், சர்க்கரை அதிகமாக இருப்பது அதற்கு நல்லது. ஆனால் நியோன்யா குவே என்ற பலகாரத்துக்குச் சங்குப்பூ போடுகிற ஊரில் இருந்துகொண்டு ஸ்பிருலினாவுக்குக் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம். சங்குப்பூ சூட்டை இதைவிட நன்றாகத் தாங்கும்.

பாலு_தெலுக்பிளாங்கா

கூட்டல் கழித்தல் கல்யாணம் பண்ணி வைத்தால்தான் நிறம் வருமா? புரோக்கர் கமிஷன் யாருக்கு?

சரி, நிஜமாக ஒரு கேள்வி. கேசரி பவுடர் சிட்டிகை போட்டால் ஒரு அண்டா ஜாங்கிரி ஆரஞ்சாகும், விலையும் சல்லிசு. இத்தனை கலன், தொட்டி, வடிகட்டி எல்லாம் வைத்து எடுத்த நிறத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? 'இயற்கை' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விலையை ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

மீனாட்சி_டீச்சர்

பாலு சார், நீங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பேரங்காடியில் சால்மன் வாங்குவீர்கள் அல்லவா? பண்ணை சால்மனின் தசைக்கு ஆரஞ்சு நிறம் தீவனத்திலிருந்து வருகிறது. அஸ்டாசாந்தின் போடாவிட்டால் வெளிர் சாம்பலாக இருக்கும். பெரும்பகுதி செயற்கையாகச் செய்த அஸ்டாசாந்தின். ஃபாஃபியா என்ற ஈஸ்ட், பாராகோகஸ் என்ற பாக்டீரியா இவற்றிலிருந்து எடுத்ததையும் போடுகிறார்கள். மீன் எவ்வளவு சிவப்பாக வேண்டும் என்று பார்க்க நிற அட்டை விசிறியே இருக்கிறது, பெயின்ட் கடையில் காட்டுவார்களே அப்படி.

விலை பற்றி நீங்கள் சொல்வது சரி. செயற்கை நிறம் மலிவு, அழுத்தம், நிற்கும். ஆனால் 2010 ஜூலை முதல் ஐரோப்பாவில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ உட்பட ஆறு நிறங்கள் உள்ள உணவில், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும். கேசரி பவுடரில் இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்று. எச்சரிக்கை அச்சடிப்பதைவிட நிறத்தை மாற்றுவது மேல் என்று பல நிறுவனங்கள் முடிவு செய்தன. அமெரிக்காவும் 2025 ஜனவரியில் சிவப்பு 3 என்ற செயற்கை நிறத்தை உணவில் தடை செய்தது. சந்தை அந்தப் பக்கம் நகர்கிறது, அதனால்தான் கலன்களுக்கு முதலீடு.

திருப்பூரான்_பூன்லே

சாப்பாட்டுச் சண்டைக்கு நடுவே துணியைப் பற்றிக் கேட்கலாமா? நான் இங்கே கப்பல் பட்டறையில் வேலை, ஊர் திருப்பூர். சித்தப்பா சாயப்பட்டறை வைத்திருந்தார்.

சாயம் எப்படிப் போடுவார்கள் என்று தெரியாதவர்களுக்கு: பனியன் துணி பருத்தி. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு கொட்ட வேண்டும், அடர்நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேலேயும் போகும். துணியில் ஏறாத சாயமும் உப்பும் கழிவுநீராக வெளியே வரும். சாயத்தைக்கூடப் பிரித்துவிடலாம், கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் கஷ்டம். எல்லாம் நொய்யல் ஆற்றில் போய், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அணைத் தண்ணீர் விவசாயத்துக்கே ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. துளிக் கழிவுகூட வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் திறக்கலாம் என்றார்கள். சித்தப்பாவால் அந்த முதலீட்டைப் போட முடியவில்லை.

இப்போது பாக்டீரியாவே துணிக்குச் சாயம் போடும் என்று காணொளிகள் வருகின்றன. தண்ணீரும் வேண்டாமாம், கழிவும் இல்லையாம். நம்பலாமா? ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பழைய_ஆய்வகத்தான்

சிரிக்கத் தேவையில்லை, கொண்டாடவும் தேவையில்லை. பாதி உண்மை.

முதலில் எந்த நிறங்கள் என்று பார்ப்போம். செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா தருவது புரோடிஜியோசின், இரத்தச் சிவப்பு. ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் தருவது வயலசீன், நல்ல ஊதா. அதே வயலசீனைக் குரோமோபாக்டீரியம் வயலேசியமும் செய்யும். அது வெப்பமண்டல மண்ணிலும் நீரிலும் இருப்பது. மனிதரில் அதன் தொற்றை முதலில் கண்டது 1927இல் மலாயாவில்தான். அரிதாகத்தான் தொற்றும், தொற்றினால் ஆளையே கொல்லலாம். ஸ்ட்ரெப்டோமைசஸ் கோலிகலர் செய்யும் ஆக்டினோரோடின் காரத்தில் நீலம், அமிலத்தில் சிவப்பு. லண்டனில் நட்சாய் ஆட்ரி சீசா என்ற வடிவமைப்பாளர் பட்டுத் துணி மேலேயே இதை வளர்த்து அழகான சாயம் போட்டுக் காட்டியிருக்கிறார். பாக்டீரியா வளரும் இடத்தில் மட்டும் நிறம் ஏறுவதால் ஒவ்வொரு துணியும் தனி வடிவம்.

காணொளியில் வருவது பட்டு, கம்பளி, நைலான் என்பதைக் கவனித்தீர்களா? புரோடிஜியோசினும் வயலசீனும் தண்ணீரில் கரையாதவை. புரத இழையிலும் நைலானிலும் நன்றாக ஒட்டும். பருத்தியில் அவ்வளவாக ஏறாது. திருப்பூரின் பிரச்சினையே பருத்தி! அடுத்து, வெயில். இந்த இரண்டு நிறமும் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். மூன்றாவது, புரோடிஜியோசின் கார அமிலத்துக்கு நிறம் மாறும். அமிலத்தில் சிவப்பு, காரத்தில் மஞ்சள் பக்கம் போகும். சலவைத்தூள் காரம். சிவப்புச் சட்டை துவைத்ததும் ஆரஞ்சாக வந்தால் ஏற்றுமதி ஆர்டர் என்ன ஆகும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும்.

வேறு வழியும் உண்டு. 2016இல் பிரிட்டனில் தொடங்கிய கலரிஃபிக்ஸ் என்ற நிறுவனம், இயற்கையில் நிறம் செய்யும் மரபணுவை எடுத்து, பாதுகாப்பான நுண்ணுயிருக்குள் வைக்கிறது. அந்த நுண்ணுயிரைச் சாயப்பட்டறையிலேயே சர்க்கரை கொடுத்துப் பெருக்கி, துணியோடு அதே சாய இயந்திரத்தில் போட்டுச் சூடாக்கினால் செல் வெடித்து நிறம் துணியில் இறங்கும். உப்பு மூட்டை வேண்டாம். இதன் சாமர்த்தியம் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது: பட்டறைக்குப் புது இயந்திரம் வாங்கச் சொல்லவில்லை. ஆனால் கடையில் வேண்டும் என்கிற எல்லா நிறமும் இன்னும் அதில் வராது. தண்ணீரே வேண்டாம் என்பதும் விளம்பரம். நுண்ணுயிர் வளர்வதே தண்ணீரில்தான். மிச்சக் கரைசலில் சர்க்கரையும் புரதமும் இருக்கும், அதையும் சுத்திகரிக்கத்தான் வேண்டும். உப்போடு ஒப்பிட்டால் சுலபமான கழிவு, அவ்வளவே.

பருத்திக்கு நுண்ணுயிர் உதவிய பழைய கதை ஒன்று நம்மிடமே இருக்கிறது. அவுரி நீலம். இண்டிகோ தண்ணீரில் கரையாது. அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றினால்தான் நூலில் ஏறும். பழைய தாழிகளில் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் போட்டுப் புளிக்க வைப்பார்கள். தகரை விதை பாக்டீரியாவுக்குத் தீனி, ஆக்சிஜனைப் பறித்து இண்டிகோவைக் கரைப்பது பாக்டீரியா. நூல் வெளியே எடுக்கும்போது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண் முன்னே நீலமாகும். இப்போது அந்த வேலையைச் சோடியம் டைதயோனைட் செய்கிறது. இண்டிகோவையே பாக்டீரியாவில் செய்யலாம் என்று 1983இல் ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் காட்டினார்கள். இன்றைக்கும் ஜீன்ஸ் நீலம் பெரும்பாலும் வேதியியல் ஆலையிலிருந்துதான் வருகிறது.

திருப்பூரான்_பூன்லே

ஐயா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். "பருத்தியில ஏறட்டும், அப்புறம் பேசலாம்" என்று பதில் வந்திருக்கிறது.

பாலு_தெலுக்பிளாங்கா

செராஷியா என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் குளியலறையில் ஓடு இடுக்கில் ரோஸ் கலர்ல வழவழ என்று வருகிறதே, அதுவா? அப்படியானால் என்னிடமும் சாயப்பட்டறை இருக்கிறது.

மீனாட்சி_டீச்சர்

அதுவாக இருக்கலாம், சார். சோப்பு, ஷாம்பு மிச்சத்தில் வளரும். நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். என் உயர்நிலை 3 மாணவி ஒருத்தி, குளியலறையிலிருந்து பஞ்சில் எடுத்து வளர்த்துச் சாயம் செய்கிறேன், அறிவியல் திட்டப்பணிக்கு என்று கேட்டாள். கூடாது என்றேன். 1819இல் இத்தாலியில் பாடுவா அருகே சோளக்களி இரத்தமாகச் சிவக்கிறது என்று கிராமமே பயந்தபோது, பார்த்தலோமியோ பிட்ஸியோ என்ற மருந்தாளர் ஈரமான களியில் அதே சிவப்பைத் தானே வளர்த்துக் காட்டி, காரணம் ஒரு நுண்ணுயிர் என்றார். அதற்குப் பிறகு வெகுகாலம் செராஷியாவை அப்பாவி என்றே நினைத்தார்கள். சிவப்பாக இருப்பதால் போகும் பாதையைக் கண்டுபிடிக்கச் சுலபம் என்று, 1950இல் அமெரிக்கக் கடற்படை சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் மேலேயே தெளித்துச் சோதித்தது. அடுத்த சில வாரங்களில் அங்கே ஒரு மருத்துவமனையில் 11 பேருக்குச் செராஷியா தொற்று, ஒருவர் இறந்தார். தெளித்ததால்தான் வந்தது என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனால் அப்பாவி என்ற பெயர் போனது. இன்று மருத்துவமனைகளில் தொந்தரவு தரும் கிருமிகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு விஷயம்: 37 பாகையில் அது சிவப்பாகவே இருக்காது. 25 முதல் 30 பாகையில்தான் நிறம். ஆகவே சிவப்பு இல்லை, கிருமி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. பாலு சார் பட்டறையை பிளீச் ஊற்றித் தேய்த்து மூடவும்.

மாணவிக்கு நான் சொன்ன மாற்று: ஸ்பிருலினா பொடி. குளிர்ந்த நீரில் கலக்கி, குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுக்க வைத்து, தெளிந்ததை மெல்ல வடித்தால் நீலம் தனியே வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் சிவப்பாக ஒளிரும், அதைப் பார்த்து அவளுக்கு ஒரே குஷி. பிறகு வெவ்வேறு சூட்டில் வைத்து எப்போது நிறம் போகிறது என்று 620 நானோமீட்டர் ஒளியில் அளக்கலாம். எதையும் வளர்க்க வேண்டாம், யாருக்கும் காய்ச்சல் வராது. உயிருள்ள பாக்டீரியா வேண்டும் என்றால் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னால், தட்டை ஒட்டி மூடி, முடிந்ததும் 121 பாகையில் அழுத்தக் கலனில் கொன்ற பிறகே குப்பைக்கு.

நூர்_உட்லண்ட்ஸ்

அப்படியே சுவரில் வரும் கறுப்பு?

பழைய_ஆய்வகத்தான்

அதுவும் நிறமிதான், மெலனின். நம் தலைமுடியில் இருக்கும் அதே வகைப் பொருள். செர்னோபில் அணு உலையின் சுவரில்கூட மெலனின் நிறைந்த கறுப்புப் பூஞ்சணம் வளர்ந்தது, கதிர்வீச்சைத் தாங்க மெலனின் உதவுகிறது என்கிறார்கள். உங்கள் வீட்டில் அதற்குக் காரணம் சன்னல் திறக்காததுதான். முகமூடி போட்டுத் துடையுங்கள்.

கமலா_கிளமெண்டி

எல்லோருக்கும் நன்றி. சிவப்பு அரிசியை ஆன்ட்டியிடமே கொடுத்துவிட்டேன், கோழிக்கு ஆகட்டும். ஜாங்கிரிக்குப் பீட்டா கரோட்டின் வாங்கலாம் என்று பேக்கிங் பொருள் கடையில் கேட்டால் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று எண்ணெய் போல, ஒன்று பொடி. எது? அப்புறம், அது பூஞ்சணத்திலிருந்து வந்ததா, செயற்கையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய_ஆய்வகத்தான்

பொடி வாங்குங்கள், 'நீரில் கலங்கும்' வகை. கரோட்டின் இயல்பாக எண்ணெயில்தான் கரையும். எண்ணெய் வகையை மாவில் போட்டால் பொரிக்கும்போது நிறம் சட்டியில் இறங்கிவிடும், எண்ணெய் ஆரஞ்சாகி ஜாங்கிரி வெளிறும். பொடியில் கரோட்டினை மாவுச்சத்திலோ ஜெலட்டினிலோ பொதிந்திருப்பார்கள். ஜெலட்டின் என்றால் உங்கள் பிரசாதக்காரர்களுக்கும் நூர் வீட்டுக்கும் சிக்கல், ஆகவே மாவுச்சத்து அல்லது கருவேலம் பிசின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மூலம் தெரிய எண்ணைப் பாருங்கள். 160அ என்று இருக்கும், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண். ஒன்று என்றால் செயற்கை, இரண்டு என்றால் தாவரம், மூன்று என்றால் பிளாக்ஸ்லியா பூஞ்சணம், நான்கு என்றால் பாசி. ரோமன் எண் இல்லாமல் வெறும் 160அ என்றால் விற்பவரிடம் விவரத்தாள் கேளுங்கள், கொடுக்க மறுத்தால் வேறு கடை. மூன்றும் ஒன்றும் மூலக்கூறில் ஒன்றே, 'செயற்கை இல்லை' என்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்குத்தான் இந்த வித்தியாசம் வேண்டும்.

பொடியை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துவிட்டு, அரைத்து முடித்த மாவில் கடைசியாகச் சேருங்கள். சட்டி ரொம்பக் காய வேண்டாம். மீதிப் பொடியைக் காற்றுப் போகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

கமலா_கிளமெண்டி

விவரத்தாள் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். உணவு அமைப்புக்கும் எழுதிவிட்டேன். நூர், பதில் வந்ததும் உனக்கும் அனுப்புகிறேன், சேர்ந்தே வாங்கினால் மொத்த விலைக்குத் தருவார்களாம்.

நூர்_உட்லண்ட்ஸ்

கருவேலம் பிசின் என்றால் எனக்கும் அரைக் கிலோ.